பொன்னம்பலம்: குடும்பப் பெயரா, அப்பப்பாவின் பெயரா?

கேள்வி ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கிறது. கேட்ட பிள்ளையின் கடவுச்சீட்டில் கடைசிப் பெயர் பொன்னம்பலம். அது அவருடைய அப்பப்பாவின் பெயர். எண்பதுகளில் அப்பா கனடாவில் போய் இறங்கியபோது படிவத்தில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தன் தகப்பன் பெயரை எழுதினார், அதுவே நிலைத்துவிட்டது. இப்போது அந்தப் பெயரைத் தேடினால் சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம், ஜி. ஜி. பொன்னம்பலம், கஜேந்திரகுமார் பொன்னம்பலம் என்று பெரிய ஆட்களாக வருகிறார்கள். "இவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமா? எங்களுக்கு உறவா? பொன்னம்பலம் என்றால் பொருள் என்ன? அந்தப் பெயரை வைத்து ஊர், சாதி ஏதும் சொல்லலாமா?" என்று கேட்கிறார்.

உறவா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெயர் ஒன்று என்பதற்காக உறவு வராது. யாழ்ப்பாணத்தில் பொன்னம்பலம் என்பது ஒரு ஆளுக்கு வைக்கிற பெயர். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பொன்னம்பலம் இருந்தார். சில ஊர்களில் பொன்னம்பலம் வாத்தியார் வேறு, கடைக்காரப் பொன்னம்பலம் வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. நீங்கள் சொன்ன நாலு பேரிலும் அந்தச் சொல் மூன்று விதமாக நிற்கிறது. இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் அது தகப்பன் பெயர். ஜி. ஜி.க்கு அது அவருடைய சொந்தப் பெயர். கஜேந்திரகுமாருக்கு அது குடும்பப் பெயர். இந்த வேறுபாடு பிடிபட்டால் யாழ்ப்பாணத்துப் பெயர்கள் முழுவதுமே உங்களுக்குப் பிடிபடும்.

பொருளிலிருந்து தொடங்குவோம். பொன் உங்களுக்குத் தெரியும். அம்பலம் என்றால் பலர் கூடும் பொது இடம், மன்று. "ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்ற பழமொழியில் இருப்பது அந்த அம்பலம்தான். ஒளித்து வைத்த விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டால் அம்பலமாகிவிட்டது என்கிறோமே, அதுவும் இதுவே. மலையாளத்தில் அம்பலம் என்றால் கோயில். சிங்களத்தில் அம்பலம என்பது வழிப்போக்கர் தங்கும் மடம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, யாரும் வந்து நிற்கக்கூடிய திறந்த மண்டபம் என்ற எண்ணம்.

ஆனால் பிள்ளைக்குப் பெயர் வைத்தவர் பொன்னால் ஆன ஏதோ ஒரு மண்டபத்தை நினைத்து வைக்கவில்லை. அவர் நினைத்தது சிதம்பரம். சைவருக்குக் கோயில் என்று அடைமொழி இல்லாமல் சொன்னால் அது சிதம்பரந்தான். அங்கே நடராசர் ஆடுகிற மன்றுக்குப் பொன் வேய்ந்த கூரை. 907 முதல் 955 வரை ஆண்ட முதலாம் பராந்தக சோழன் அந்தப் பொன்னை வேய்ந்ததைச் சோழர் செப்பேடுகள் பெருமையோடு பேசுகின்றன. சிவன் ஆடியதாகச் சொல்லும் ஐந்து மன்றுகளில் மதுரை வெள்ளியம்பலம், திருநெல்வேலி தாமிரசபை, குற்றாலம் சித்திரசபை, திருவாலங்காடு இரத்தினசபை, சிதம்பரம் பொன்னம்பலம். ஆகவே இந்தப் பெயர் ஒரு தலத்தின் பெயர். பிள்ளையைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் தலத்தைச் சொன்ன புண்ணியம் கிடைக்கட்டும் என்றுதான் எங்கள் பழைய ஆட்கள் பெயர் வைத்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்துப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சிதம்பரம் என்ற ஒரு கோயிலிலிருந்து எத்தனை பெயர்கள் இங்கே வந்து குடியேறின என்று பாருங்கள்: பொன்னம்பலம், சிற்றம்பலம், திருச்சிற்றம்பலம், தில்லையம்பலம், அம்பலவாணர், தில்லைநாதன், சிதம்பரப்பிள்ளை, சபாபதி, சபாநாதன், சபாரத்தினம், நடராசா, நடேசன், பெண்களில் சிவகாமி, சிவகாமசுந்தரி. கனகசபை என்ற பெயரும் பொன்னம்பலமும் ஒன்றேதான். கனகம் பொன், சபை அம்பலம். ஒரு வீட்டில் தமையன் பொன்னம்பலம், தம்பி கனகசபை என்றால் இரண்டு பிள்ளைக்கும் ஒரே பெயர் என்று பொருள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டசபையில் இருந்த சேர் அம்பலவாணர் கனகசபையின் பெயரை எடுத்துப் பாருங்கள். தகப்பன் பெயர் சிதம்பரத்து நடராசர். மகன் பெயர் அவர் ஆடுகிற மன்று.

இந்தப் பற்றுக்கு வெறும் பக்தி மட்டும் காரணமில்லை, போக்குவரவும் காரணம். கடல் தாண்டினால் சோழநாடு. யாழ்ப்பாணத்தார் சிதம்பரத்தில் மடம் கட்டினார்கள், அறக்கட்டளை வைத்தார்கள். போர்த்துக்கேயர் காலத்தில் இங்கிருந்து தப்பிப்போன, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைச் சேர்ந்த ஞானப்பிரகாச முனிவர் அங்கே வெட்டுவித்த குளம் இன்றும் அவர் பெயரால் ஞானப்பிரகாசர் குளம் என்றே வழங்குகிறது. ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். போக முடியாதவர்களுக்குக் காரைநகர்ச் சிவன் கோயிலே ஈழத்துச் சிதம்பரம் ஆனது. மார்கழித் திருவாதிரைக்கு அங்கே கூடுகிற சனத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று விளக்க வேண்டியதில்லை. வல்வெட்டித்துறையில் இருப்பது சிதம்பராக் கல்லூரி.

சிதம்பரம் மட்டுமல்ல. இராமநாதன் என்றால் இராமேசுவரம், அருணாசலமும் அண்ணாமலையும் திருவண்ணாமலை, தியாகராசா திருவாரூர், சொக்கலிங்கம் மதுரை, ஏகாம்பரம் காஞ்சிபுரம், விசுவநாதர் காசி. ஒரு பழைய வகுப்பு இடாப்பைத் திறந்து வாசித்தால் தல யாத்திரை போய் வந்தது போல இருக்கும்.

இனி ஆட்களுக்கு வருவோம். மானிப்பாயைச் சேர்ந்த அருணாசலத்தின் மகன் பொன்னம்பலம். கொழும்புக்குப் போய்ப் பெரும் செல்வரானார், முதலியார் பட்டமும் பெற்றார். கொழும்பு கொச்சிக்கடையில் அவர் கட்டிய சிவன் கோயில் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். சுவாமியின் பெயருக்குள் கட்டியவரின் பெயரும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை முழுக்கக் கருங்கல்லால் திருப்பிக் கட்டியவர் அவருடைய மகன் இராமநாதன்.

முதலியாருக்கு மூன்று ஆண்பிள்ளைகள்: 1849இல் பிறந்த குமாரசுவாமி, 1851இல் பிறந்த இராமநாதன், 1853இல் பிறந்த அருணாசலம். மூத்தவருக்குத் தாயின் தகப்பன் பெயர், இளையவருக்குத் தகப்பனின் தகப்பன் பெயர். இங்கே தாத்தாவைப் பேரன் என்றும் பாட்டியைப் பேத்தி என்றும் சொல்கிற வழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் அது நேர்மாறு. பெயர் பேரனிடமிருந்து பேரப்பிள்ளைக்குப் போகும், அங்கிருந்து அடுத்த பேரப்பிள்ளைக்கு. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அது திரும்பி வரும். எங்கள் பழைய முறையில் குடும்பப் பெயரின் வேலையைச் செய்தது இந்த வழக்கந்தான்.

இந்த மூவரையும் தமிழில் பொன். குமாரசுவாமி, பொன். இராமநாதன், பொன். அருணாசலம் என்று எழுதுகிறோம். முதலெழுத்தாக வெறும் "பொ" என்று போடாமல் "பொன்" என்று போடுவது அழகாக நிலைத்துவிட்டது. ஆனால் பொன். என்று எழுதியிருப்பதெல்லாம் பொன்னம்பலம் என்று நினைக்க வேண்டாம். உரும்பிராய்ப் பொன். சிவகுமாரனின் தகப்பன் பொன்னுத்துரை. பொன்னையா, பொன்னுச்சாமி எல்லாம் இப்படித்தான் சுருங்கும்.

அருணாசலம் இலங்கையின் பதிவாளர் நாயகமாக இருந்தவர், 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தியவர். நாட்டு மக்களின் பிறப்பு, இறப்பு, பெயர் எல்லாவற்றையும் பதிந்த திணைக்களத்தின் தலைவர் தன் பெயரை எங்கள் முறைப்படியே எழுதினார்: தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராக வந்தவரும் அவரே. அவருடைய மகன் சேர் அருணாசலம் மகாதேவா. பொன்னம்பலம் என்ற சொல் அந்த ஒரு தலைமுறையோடு பெயரிலிருந்து கழன்றுவிட்டது, அருணாசலம் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இது மறதி அல்ல, எங்கள் முறையே இதுதான்.

இதில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். 1947 பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் மகாதேவாவும் ஜி. ஜி. பொன்னம்பலமும் மோதினார்கள். பொன்னம்பல முதலியாரின் சொந்தப் பேரப்பிள்ளை மகாதேவா. அவர் பெயரில் பொன்னம்பலம் இல்லை. எதிரே நின்று வென்றவரின் பெயர் பொன்னம்பலம். அவர் அல்வாயைச் சேர்ந்தவர், தகப்பன் காங்கேசர். கனடாவில் இருந்து பெயரை மட்டும் பார்க்கிற ஒருவர் யாரை முதலியாரின் வாரிசு என்று சொல்வார்?

ஜி. ஜி.யின் முழுப்பெயர் கணபதி காங்கேசர் பொன்னம்பலம். 1901இல் பிறந்தவர், 1934இல் பருத்தித்துறையிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர், 1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கியவர், இலங்கைக்கு அரசியலமைப்பு வகுக்க வந்த சோல்பரி ஆணைக்குழுவின் முன் ஐம்பதுக்கு ஐம்பது, அதாவது சட்டசபையில் பாதி இடம் சிறுபான்மையினருக்கு என்று கேட்டவர். பிறகு அமைச்சரானபோது காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் வாழைச்சேனைக் காகித ஆலையும் அவர் பெயரோடு சேர்ந்தன. பழைய முறை நின்றிருந்தால் அவருடைய மகன் பொ. குமார் ஆகியிருப்பார். அப்படி நடக்கவில்லை. மகனும் ஜி. ஜி. பொன்னம்பலம் என்றே எழுதினார். ஊர் அவரைக் குமார் பொன்னம்பலம் என்றது. 1982 சனாதிபதித் தேர்தலில் நின்றவர், 2000 சனவரி 5ஆம் திகதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். அவருடைய மகன் கஜேந்திரகுமார் பொன்னம்பலம் இன்று அதே காங்கிரசின் தலைவர். மூன்று தலைமுறையில் ஒரு ஆளின் பெயர் குடும்பப் பெயராக மாறியதை உங்கள் கண்ணுக்கு முன்னால் காட்டுகிற வீடு இது. தகப்பன் பெயரை ஊரே அறிந்திருந்தது. அதை விடுவதற்குப் பிள்ளைகளுக்குக் காரணம் இருக்கவில்லை. கொழும்பில் ஆங்கிலம் படித்த வக்கீல் குடும்பங்கள் பலவும் அந்தத் திசையில்தான் போயின.

அதற்கும் முந்திய உதாரணம் ஒன்று பொன்னம்பல முதலியாரின் மனைவி வழியில் இருக்கிறது. அவருடைய மாமனார் குமாரசுவாமி முதலியார். அந்தக் குமாரசுவாமியின் மகன் சேர் முத்துக் குமாரசுவாமி. முத்துக் குமாரசுவாமி ஓர் ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். அவர்களுக்கு 1877இல் கொழும்பில் பிறந்த பிள்ளைதான் கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாண முறைப்படி பார்த்தால் முன்னால் வர வேண்டியது முத்து. இங்கிலாந்தில் தாயிடம் வளர்ந்த பிள்ளைக்கோ பேரன் பெயரே குடும்பப் பெயராகப் பின்னால் வந்து நின்றது. சிதம்பரத்து நடராசரின் ஆட்டத்தை மேல்நாட்டாருக்கு விளக்கி எழுதியவரும் அவரே. அவருடைய மாமியாரைக் கட்டியவர் பெயர் பொன்னம்பலம் என்பதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். மாமியார் என்று நான் சொல்வது தகப்பனின் சகோதரியை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் குழம்பும் என்பதால் சொல்கிறேன்.

வேறு பொன்னம்பலங்களும் உண்டு, அவர்களை இணையம் உங்களுக்கு முதலில் காட்டாது. நாவலரின் மருகர் நல்லூர் வித்துவசிரோமணி பொன்னம்பலபிள்ளை புராணங்களுக்குப் பொருள் சொல்வதில் தன் காலத்தில் நிகரில்லாதவர். 1975இல் காங்கேசன்துறை இடைத்தேர்தலில் தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவை எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். புங்குடுதீவுக் கவிஞர் மு. பொன்னம்பலமும் எழுத்தாளர் மு. தளையசிங்கமும் கூடப்பிறந்தவர்கள், இருவருக்கும் பொதுவாக இருப்பது முன்னால் நிற்கும் அந்த ஒரு "மு." மட்டுமே. தமிழ்நாட்டிலும் இந்தப் பெயர் உண்டு: குன்றக்குடி ஆதீனத்தின் இன்றைய தலைவர் பொன்னம்பல அடிகளார்.

சாதியைப் பற்றிக் கேட்டீர்கள். பொன்னம்பலம் என்ற சொல்லில் சாதி இல்லை. முதலியார், உடையார், பிள்ளை என்று பின்னால் ஒட்டியவற்றில்தான் பதவியும் சாதியும் இருந்தன. ஆனால் இதை இத்தோடு விட்டால் நான் உண்மையை முழுதாகச் சொன்னவனாக மாட்டேன். ஒரு காலத்தில் இங்கே எல்லாரும் எல்லாப் பெயரையும் வைக்க விடவில்லை. ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிள்ளைக்குக் கந்தசாமி என்று பெயர் வைத்தால் பதிகிற இடத்தில் கந்தன் ஆக்கினார்கள். பொன்னம்பலம் பொன்னன் ஆனார். தலத்தின் பெயர் ஊருக்கெல்லாம் பொது, அந்தப் பொது மன்றுக்குள் சிலரைப் பெயரளவிலும் விடவில்லை. உங்கள் அப்பப்பாவின் பத்திரங்களில் பெயர் ஒரு இடத்தில் நீண்டும் ஒரு இடத்தில் குறுகியும் இருந்தால் எழுத்துப் பிழை என்று ஒதுக்க வேண்டாம். ஒருவர் தன் முழுப்பெயரை மீட்டெடுத்த கதை அதற்குள் இருக்கக்கூடும்.

மிசனரிமாரும் பெயர்களை மாற்றினார்கள். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த பிள்ளைகள் பலருக்கு அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பியவர்களின் பெயரை வைத்தார்கள். அங்கே படித்த சிதம்பரப்பிள்ளை வில்லியம் நெவின்ஸ் ஆனார். அவருடைய மகன், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர், நெவின்ஸ் செல்வத்துரை. சிதம்பரம் போய் நெவின்ஸ் நின்றது. உங்கள் அப்பா விமான நிலையத்துப் படிவத்தில் எழுதியது போல, யாரோ ஒருவருடைய பதிவேட்டின் தேவைக்காக எங்கள் பெயர்கள் இடம் மாறியது அது முதல் தடவையல்ல.

அதனால் உங்கள் சொந்தக்காரரிடையே பெயர்கள் ஒட்டாமல் இருப்பதைக் கண்டு யோசிக்க வேண்டாம். உங்கள் சித்தப்பா லண்டனுக்குப் போனபோது தன் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்திருந்தால் அவருடைய பிள்ளைகள் வேறு பெயர்க்காரர். ஆனாலும் உங்கள் இரத்தம். அதே தெருவில் இன்னொரு பொன்னம்பலம் குடும்பம் இருந்தால் பெயர் ஒன்று, உறவு இல்லாமல் இருக்கலாம். எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசிப் பகுதியில் b போட்டால் (Ponnambalam) இந்திய முறை, p போட்டால் (Ponnampalam) தமிழ் எழுத்தைப் பார்த்து எழுதிய யாழ்ப்பாண முறை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் மேலே சொன்ன பெரிய ஆட்கள் எல்லாரும் இந்திய முறையில்தான் எழுதினார்கள். எழுத்தை வைத்து வம்சம் பிரிக்க முடியாது.

உறவைத் தேட வேண்டுமென்றால் பெயரை விட்டு ஊரையும் கல்யாணங்களையும் பிடியுங்கள். அப்பாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழை முதலில் எடுங்கள். அதில் தகப்பனைப் பற்றி மட்டுமல்ல, தகப்பனின் தகப்பனைப் பற்றியும் எழுத இடம் உண்டு. காணி உறுதி இருந்தால் இன்னும் நல்லது: யாரிடமிருந்து யாருக்கு, சீதனமா முதுசமா (பரம்பரையாக வந்த சொத்தா) என்று எழுதியிருக்கும். சீதனக் காணி பெண்வழியைக் காட்டும், அதை வேறு எந்தப் பத்திரமும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது. பழைய ஈழநாடு, உதயன் பத்திரிகைகளின் மரண அறிவித்தல்கள் "காலஞ்சென்ற பொன்னம்பலம்" என்று தொடங்கி மைத்துனர், சம்பந்தி, பேரப்பிள்ளைகள் வரை ஒருவரையும் விடாது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்வெட்டு. செத்தவீடு முடிந்து முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். தேவாரம், திருவாசகம் முடிந்த பிறகு வம்சாவழி அச்சிட்டிருப்பார்கள். நூலகம் நிறுவனம் இணையத்தில் இத்தகைய நினைவு மலர்களை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறது. அப்பப்பாவின் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள், பிறக்கப் போகிற பிள்ளைக்கு இந்தப் பெயரைத் தொடரலாமா, இது பழைய பெயர் என்று சிரிப்பார்களா என்று. தாராளமாகத் தொடருங்கள். இங்கே இப்போது யாரும் பிள்ளைக்குப் பொன்னம்பலம் என்று பெயர் வைப்பதாகத் தெரியவில்லை. எண் சாத்திரம் பார்த்து வைக்கிற பெயர்கள் வேறு மாதிரி. அது உயிரோடு இருப்பது உங்களைப் போன்றவர்களின் கடைசிப் பெயராகத்தான். தமிழில் எழுதும்போது மட்டும் அதை முன்னால் போட்டு எழுதிப் பாருங்கள், கூடவே பிள்ளையின் தகப்பன் பெயரையும் எங்காவது பதிந்து வையுங்கள். உங்கள் அப்பப்பாவின் ஊரும் அவருடைய தகப்பன் பெயரும் அப்பாவிடம் கேட்டு எழுதினால், எந்தக் கோயிலடி, எந்தப் பகுதி என்று இங்கே விசாரித்துச் சொல்ல முடியும்.